முனியாண்டிக்குப் போட்ட உப்பு

வனவிலங்கு இலாகாவில் டிரைவர் வேலை என்றால் மிருகங்களோடு மல்லுக்கட்டுகிற வேலை என்று நினைத்துத்தான் நானும் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, மிருகங்களால் ஒரு தொந்தரவும் கிடையாது, மல்லுக்கட்டு முழுக்க மனுஷனோடுதான்.

அரசாங்க வண்டி ஓட்டிச் சம்பளம் வாங்கிய அன்பர்களே, உங்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. மேலே இருப்பவர் சொன்னதைக் கீழே சொல்லி, கீழே இருப்பவர் திட்டியதை மேலே சொல்லாமல் விழுங்கி, நடுவில் பஞ்சரும் ஒட்டிய கூட்டம் நாம். நான் எழுபதுகளின் நடுவில் ஈப்போவில் சேர்ந்தேன். எனக்கு மேலே அதிகாரி ஹம்சா; மலாயில் ஐயாவுக்குத் துவான், அப்படித்தான் கூப்பிடுவோம். ஒல்லியான மனுஷன், கோபம் வந்தால் மிட்டாய் சப்புவார், அவ்வளவுதான் கோபம். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தமிழ் உண்டு, மலாய் உண்டு, கேண்டனீஸில் திட்டினால் புரிகிற அளவுக்கு அதுவும் உண்டு. அதனால் ஒரே சம்பளத்தில் டிரைவராகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் என்னை வைத்துக்கொண்டார்கள். தோட்டத்து ஜனங்கள் எங்களைப் 'புலி ஆபீசு' என்பார்கள். ஆனால் புலியால் வந்த வேலை கொஞ்சம்தான். எங்கள் உயிரை வாங்கியதெல்லாம் காண்டாமிருகக் கொம்பு. அந்த மிருகத்தை ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை, கொம்பு மட்டும் கடைக்குக் கடை இருந்தது.

எல்லாம் போலி, துவான்

கொம்பை விற்கக்கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்று சட்டம் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. பழைய டவுனில் ஆ லோக் என்கிற சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, ஒரு மருந்துக்கடை வைத்திருந்தார். கண்ணாடி அலமாரிக்குள் சிவப்புத் துணியை விரித்து, அதன்மேல் முழங்கை நீளத்துக்கு ஒரு கொம்பு. காய்ச்சல், உடம்புச் சூடு, பிள்ளை பயந்துகொண்டது, எதற்குப் போனாலும் சரி, அந்தக் கொம்பைக் கரடுமுரடான பீங்கான் தட்டில் தண்ணீர் விட்டு உரசி, கலங்கலாக ஒரு கிண்ணம் கொடுப்பார். நாங்கள் சோதனைக்குப் போய் நின்றபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஈ தாராளமாகவே ஆடியது. இது என்ன என்று துவான் கேட்டார். மூங்கில் வேர் என்றார் தவுக்கே. அந்த டிராயரில் இருப்பது? எருமைக் கொம்பு. இது? கட்டை, தேத்தண்ணியில் ஊறப்போட்டது, நிறம் நன்றாக ஏறும். கத்தியை எடுத்து ஒன்றைப் பிளந்தே காட்டினார். ஆளைத்தான் ஏமாற்றுகிறேன், சட்டத்தை ஏமாற்றவில்லை என்று கடைத்தெரு மலாயில் விளக்கமும் சொன்னார்.

இத்தனையும் நடந்தபோது பக்கத்துப் பெஞ்சில் ஒரு வட்டிக்கடைச் செட்டியார் தன் கிண்ணத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மூலச்சூட்டுக்குப் பல வருஷமாக அங்கேதான் குடிக்கிறார். எனக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாகிவிட்டது. துவான் வெளியே போனதும் குனிந்து, கேட்டீங்களா செட்டியாரே என்றேன். அவர் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்.

"கேட்டேன் தம்பி. பாவம், உங்க ஆபீசருக்குப் பயந்துகிட்டு மனுஷன் எப்படி வாய் கூசாமப் பொய் சொல்றான் பாருங்க. அசலை வச்சிருக்கவனுக்குத்தானே இந்தப் பயமெல்லாம்."

தேய்கிற சாட்சி

அந்த முழங்கை நீளக் கொம்பைச் சோதனைக்காக எடுத்து வந்தோம். மேலிடத்திலிருந்து முடிவும் வந்தது: மூங்கில் வேர்தான். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வைத்துக்கொள்ளுங்கள், வேறு வைத்துவிட்டேன் என்றார் தவுக்கே. எனவே அது எங்கள் ஸ்டோரில் இரும்பு அலமாரிக்குள் போய்ப் படுத்தது. சாவி ஸ்டோர் கிளார்க் சின்னையாவிடம். முடிவு ஆபீசில் எல்லாருக்கும் தெரியும்; எல்லாரும் படித்துவிட்டுச் சிரித்தோம்.

சிரித்தவர்கள் வீட்டில் எல்லாம் காய்ச்சல் வந்தது. மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த ஒரு பெரிய அதிகாரி, பறிமுதல் பொருளைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். லகாட்டிலிருந்து என் மாமியார், ஆபீசில் கொம்பு சும்மாதானே கிடக்கிறது, பேரப்பிள்ளைக்கு ஒரு சுரண்டல் கொண்டு வந்தால் மாப்பிள்ளைக்கு என்ன குறைந்துவிடும் என்று ஆள் விட்டார். நேரில் போய், அது மூங்கில் அத்தை என்று சொல்லிப் பார்த்தேன். சர்க்கார் மூங்கிலை இரும்பு அலமாரியில் பூட்டுமா என்று கேட்டார். வருஷக் கடைசியில் துவான் அளந்து பார்த்தபோது கொம்பு ஒரு சாண்தான் இருந்தது. சின்னையாவைக் கூப்பிட்டு, இது என்ன என்றார். எலி என்றார் சின்னையா. எந்த ஊர் எலி மூங்கில் வேரைத் தின்னும் என்று கேட்டார் துவான். சின்னையா அசரவில்லை.

"அதுக்கும் காய்ச்சல் வந்திருக்கும் துவான்."

மூணு விரல்

காண்டாமிருகத்தைப் பார்த்தேன் என்று போன் வந்தபடியே இருக்கும். ஓடுவோம். போய்ப் பார்த்தால் தெனூக் என்கிற கறுப்பு வெள்ளை மிருகம். இல்லாவிட்டால் காட்டுப்பன்றி. ஒருமுறை ஆயர் தாவார் பக்கம், தோட்டத்துக் கிளார்க் கிராணியார் வீட்டுப் பசு, சாக்கடையில் விழுந்து கிடந்தது. காண்டாமிருகத்துக்குக் காலில் மூன்று விரல், சேற்றில் சூலம் மாதிரி பதியும் என்று துவான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவரே அதைப் புத்தகத்தில் பார்த்ததுதான். இத்தனை வருஷ வேலையில் உயிரோடு ஒன்றையும் பார்த்ததில்லை என்று எப்போதாவது சொல்வார். சொல்லிவிட்டு மிட்டாயைத் தேடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தாப்பாவுக்குத் தெற்கே பதினோராங்கட்டைத் தோட்டத்திலிருந்து சின்னத்துரை, அதாவது உதவி மேனேஜர், கூப்பிட்டார். ரப்பர் பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்ட தோட்டம், பின்பக்கம் முழுக்கக் காடு. காட்டோரத்தில் முனியாண்டி சிலை. சிலைக்கு முன்னால் மண்ணை ஏதோ தோண்டித் தோண்டித் தின்கிறது, ஆட்களைக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள் என்றார். போனோம். புல்லுக்கு மருந்தடிக்கிற பெண்களுக்கு ராசம்மா அக்காதான் தலைவி மாதிரி. என் அம்மா பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, ஒருவழியாக நம்பிக்கை வந்த பிறகு சொன்னார். மரு, படை என்று உடம்பில் ஏதாவது வந்தால் உப்பும் மிளகும் வாங்கி முனிக்குப் போடுவதாக வேண்டிக்கொள்வார்கள். வருஷக்கணக்காகக் கொட்டிய உப்பு. மழை பெய்து மண்ணுக்குள் இறங்கி, அந்த இடமே உப்பாகிவிட்டது. சில மாசமாக விடியற்காலையில் ஒரு மிருகம் வந்து அதை நக்கிவிட்டுப் போகிறது. முனி கைநீட்டி வாங்கிக்கொள்கிறார் என்று பெண்களுக்குச் சந்தோஷம். மரு இல்லாதவர்கள்கூட உப்புப் போட ஆரம்பித்திருந்தார்கள். துவான் சேற்றைப் பார்த்தார். மூன்று விரல். அப்படியே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விடியும்போது செம்பனை மட்டைக்குப் பின்னால் ஒளிந்து நின்றோம். வந்தது. குட்டையாக, உடம்பெல்லாம் செம்பட்டை மயிரும் சேறுமாக, வெட்கப்படுகிற எருமைபோல நடந்து வந்து முனிக்கு முன்னால் தலையைக் குனிந்து நக்க ஆரம்பித்தது. பக்கத்தில் துவான் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு குறை. இத்தனை வருஷம் முழங்கை நீளக் கொம்பைப் பார்த்துப் பழகியவன் நான். இதற்கு மூக்கின்மேல் ஒரு கைப்பிடி அளவுக்கு முளைத்திருந்தது, அதற்குப் பின்னால் வெறும் புடைப்பு. எட்டி எட்டிப் பார்த்தேன். ராசம்மா அக்கா என் காதோரம் சொன்னார்.

"கொம்பு எங்கன்னு தேடுறீங்களாக்கும். நாங்க இத்தனை மாசமா அது மூஞ்சியைத்தான்லா பாக்குறோம்."

பூ கேட்டது

துவானுக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. ஒரே இடம், ஒரே நேரம், தலையைக் குனிந்துகொண்டு வேறு நிற்கிறது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவன் ஒருத்தன் கேள்விப்பட்டால் போதும். உப்பை நிறுத்தினால் அது காட்டுக்குள்ளேயே இருக்கும் என்றார். இதைப் போய் ராசம்மா அக்காவிடம் சொல்லவேண்டியது யார்? டிரைவர்தான். சொன்னேன். நேர்த்தியை நிறுத்தச் சொல்ல உங்கள் இலாகாவுக்கு என்ன அதிகாரம், சாமி என்ன உங்களிடம் லைசென்ஸ் எடுத்தா உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டார். பின்னாலிருந்த பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவரே, சரி, முனியையே கேட்டுவிடலாம் என்றார்.

சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், வாழை இலையில் கட்டிச் சிலைக்கு முன்னால் போட்டார்கள். வெள்ளை வந்தால் நிறுத்தலாம். பொட்டலத்தை எடுக்க ஒரு கைக்குழந்தையை இறக்கி விட்டார்கள். துவான் ஜீப்புக்குப் பக்கத்தில் தள்ளி நின்றுகொண்டு, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று எனக்குக் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். மகள் கல்யாணத்துக்குக்கூட அவர் அப்படித் தவித்திருக்க மாட்டார். குழந்தை முதலில் இரண்டையும் விட்டுவிட்டு என் செருப்பைப் பிடித்தது. அதைத் திருப்பி விட்டார்கள். வெள்ளை வந்தது. அன்றோடு முனிக்கு உப்பு நின்றது, வேண்டுதலெல்லாம் தொழிலாளர் லயத்து மாரியம்மன் கோயிலுக்கு மாறியது. கிளம்பும்போது ராசம்மா அக்கா ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு துவானிடம் நேராகவே பேசினார், நான் மலாயில் மாற்றிச் சொன்னேன்.

"நாங்க நிறுத்திக்கிறோம். ஆனா அது வந்து பாத்து ஏமாந்து நிக்கும்லா, அதுக்கு நீங்கதான் பொறுப்பு துவான்."

பலகை

பொறுப்பை துவான் உடனே ஏற்றுக்கொண்டார். உப்பு நின்றும் அது வருவதை நிறுத்தவில்லை, தினமும் வந்து வெறும் மண்ணை நக்கிவிட்டுப் போகிறது, காவலுக்கு இரண்டு ஆள் வேண்டும் என்று மேலிடத்தைக் கேட்டார். ஆள் இல்லை என்று பதில் வந்தது. அதற்குப் பதிலாக லாரியில் ஒரு பலகை வந்தது. கதவு அகலத்துக்கு இருக்கும். 'இது காண்டாமிருகம் வந்துபோகும் இடம், வேட்டையாடுவது குற்றம்' என்று நாலு மொழியில் எழுதி, மேலே ஒரு படம், கீழே வழிகாட்ட ஓர் அம்புக்குறி. படத்தில் இருந்த மிருகத்துக்குக் கொம்பு என் முழங்கையைவிட நீளம். எந்த நாட்டுக் காண்டாமிருகத்தைப் பார்த்து வரைந்தார்களோ. இதை நடுவதும் ஒன்றுதான், திருடனுக்கு விலாசம் எழுதிக் கொடுப்பதும் ஒன்றுதான் என்று துவான் போனில் வாதாடினார். பலகைக்கு ஒதுக்கிய பணம் செலவாகிவிட்டது, நடாவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும் என்றார்கள். பெரிய ரோட்டில், தோட்டத்து முகப்பில் நட்டோம். குழி தோண்டியவன் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டம். சித்தியவானிலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்தது. சாணம் கிடைக்குமா, மூத்திரம் கிடைக்குமா, ஆஸ்துமாவுக்கு நல்லதாமே என்று கேட்டார்கள். ராசம்மா அக்கா முகத்தைக் கோயிலில் நிற்பதுபோல் வைத்துக்கொண்டு, தோட்டத்து மாட்டுச் சாணத்தை இலையில் மடித்து மடித்துக் கொடுத்தார். மருந்துக்கடை ஆ லோக்கும் மனைவி மக்களோடு வந்து பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். தன் கடைக் கொம்பு அச்சாக அதே மாதிரி இருக்கிறது என்று அவருக்குப் பரம திருப்தி.

மணியமும் வந்தான். தோட்டங்களில் செம்பனைக் கன்றைத் தின்கிற பன்றிகளைச் சுட்டுக்கொடுப்பது அவன் தொழில். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தான். நம்மாள்தான், ஒட்டுக்கடையில் பார்த்தால் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தருவான். அன்று சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான். அதை நான் அப்போதே துவானிடம் சொன்னேன், துவான் மேலிடத்தில் சொன்னார், சிரித்ததற்கெல்லாம் நடவடிக்கை எடுக்க முடியாது என்று அங்கிருந்து பதில் வந்தது. அவன் சொன்னது இதுதான்.

"எத்தனை வருஷமா காட்டுக்குள்ள அலையுறேன், ஒரு பய வழி சொன்னதில்லண்ணே. உங்க இலாகாவுக்குத்தான் அந்த மனசு வந்திருக்கு."

ஒரு மூட்டை உப்பு

ஒருநாள் விடிகாலை, பெரட்டுக்கு ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்துக்கொண்டிருந்தபோது முனியாண்டி பக்கம் வெடிச்சத்தம் கேட்டிருக்கிறது. பன்றி சுடுகிறார்கள் என்று எல்லாரும் நின்றார்கள். ராசம்மா அக்கா மட்டும் முதுகில் மாட்டியிருந்த மருந்துத் தோம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அது முனிக்கு முன்னால் பக்கவாட்டில் கிடந்தது. அதைச் சுற்றி மண் வெள்ளையாக இருந்தது. உப்பு. ஒரு மூட்டை உப்பைக் குவித்துக் கொட்டியிருந்தார்கள், பாதி கரையாமல் அப்படியே கிடந்தது. மூக்கை வெட்டுக்கத்தியால் கொத்தியிருந்தார்கள். பெண்கள் இழவு வீட்டில் உட்கார்வதுபோல் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். துவான் ஜீப்பிலிருந்த தண்ணீர்த் தோம்பை எடுத்துவந்து அதன் முகத்தைக் கழுவினார். நான் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அழுததைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. எங்கள் பெண்கள் உப்பை நிறுத்தினார்கள், அது ஏமாந்து ஏமாந்து போய்க்கொண்டிருந்தது, கடைசியில் ஒருநாள் உப்பு இருந்தது என்று சந்தோஷமாகத்தானே குனிந்திருக்கும்.

தோட்டத்து மளிகைக்கடைக்காரர், காக்கா என்று நாங்கள் கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன், அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கல் உப்பு ஒரு மூட்டை யார் வாங்கினார்கள் என்று துவான் கேட்டார். மணியம் என்றார். ஏன் கேட்கவில்லை என்று துவான் குரலை உயர்த்தினார், அவர் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"முனிக்கு நேத்தின்னு சொன்னான் துவான். இந்தக் காலத்துல இவ்ளோ பக்தியான்னு நான் மிளகைச் சும்மாவே குடுத்தேன்."

நிபுணர்

மணியத்தை அன்றைக்கே போலீஸ் ரோடு பிளாக்கில் பிடித்துவிட்டார்கள். கொம்பு ஒரு பால்மாவு டின்னுக்குள் இருந்தது. அவ்வளவுதான் அதன் அளவு. சுட்டதைப் பார்த்த சாட்சி இல்லாததால் கொம்பு வைத்திருந்த குற்றம் மட்டும் போட்டார்கள். வழக்கு தள்ளித் தள்ளிப் போனது. இது காண்டாமிருகக் கொம்புதான் என்று சொல்லக் கோலாலம்பூரிலிருந்து ஒரு நிபுணர் வரவேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் அவர் காண்டாமிருகத்தைக் காப்பாற்றுவது எப்படி என்கிற மாநாட்டுக்குப் போயிருந்தார், கடைசிவரை வரவே இல்லை. செத்த உடம்பைக் காட்டலாமே என்பீர்கள். புதைத்த இடத்தைத் தோண்டிப் பார்த்தால், எலும்பைக்கூட யாரோ மருந்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். எடுத்த போட்டோவில் சேறு அப்பிய ஒரு குவியல்தான் தெரிந்தது. இது எருமை இல்லை என்று எப்படித் தெரியும் என்று மணியத்தின் வக்கீல் கேட்டார்.

வக்கீல் கெட்டிக்காரர். எங்கள் பலகையையே போட்டோ எடுத்து வந்து நீட்டினார். இலாகாவே வரைந்த கொம்பு இவ்வளவு நீளம், டின்னுக்குள் இருப்பதோ இத்துணூண்டு என்றார். அடுத்து தன் பக்கத்து நிபுணரைக் கூப்பிட்டார். கூண்டில் ஏறியது யார் என்று நினைக்கிறீர்கள்? ஆ லோக். முப்பது வருஷமாகக் கொம்பு உரசுகிற மருந்துக்கடைக்காரர், ஊரே அறிந்தவர். டின்னிலிருந்ததை எடுத்துப் பார்த்தார், நகத்தால் கீறினார், முகர்ந்தார், உதட்டைப் பிதுக்கினார். இது போலி என்றார். அசல் இதைவிடப் பெரிதாக, வழவழப்பாக, நல்ல நிறமாக இருக்கும் என்று சத்தியம் செய்து சொன்னார். மணியம் விடுதலை. போலிக் கொம்பு வைத்திருப்பது குற்றமில்லை என்பதால், டின்னையும் அவனிடமே கொடுத்து அனுப்பினார்கள்.

வெளியே வராந்தாவில் துவான் ஆ லோக்கை மடக்கினார். உன் கடையில் உள்ளதெல்லாம் போலி என்று என்னிடம் சொன்னாயே, அசலை நீ எங்கே பார்த்தாய் என்றார். தவுக்கேவுக்குக் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. அந்த மனுஷன் நிஜமாகவே நம்பித்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

"முப்பது வருஷம் போலியே வித்தவன் துவான் நான். எனக்குத் தெரியாத போலியா?"

சர்ட்டிபிகேட்

ஒரு வருஷம் போயிருக்கும். மணியம் எங்கள் ஆபீசுக்கே வந்தான். இளைத்திருந்தான். கையில் அதே டின். அவன் கையில் மரு முளைத்திருப்பதாகத் தோட்டத்தில் பேச்சு இருந்தது. நான் உற்றுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கொம்பை ஈப்போவில் எந்தக் கடையிலும் வாங்க மாட்டேன் என்கிறார்களாம். ஆ லோக்கே போலி என்று சத்தியம் செய்த சரக்கு, எவன் தொடுவான்? பினாங்குக்குக் கொண்டுபோனால் அங்கே பார்த்துவிட்டு, தென்னை மட்டையில் செய்ததா என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டில் பெண்சாதி டின்னை வாசலுக்கு உள்ளே கொண்டுவரக்கூடாது என்கிறாளாம். அதனால் இலாகாவிலிருந்து இது அசல் என்று ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும், அண்ணன் சொன்னால் துவான் கேட்பார் என்றான்.

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஆனால் வேலை வேலைதான், உள்ளே போய் துவானிடம் மொழிபெயர்த்தேன். அவர் மிட்டாயைத் தேடவில்லை. எழுந்து வந்தார், மணியத்துக்கு நாற்காலி போட்டார், பேனாவைத் திறந்துகொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"அசல்னு எழுதித் தரேன், கையெழுத்தும் போடுறேன். யார் மூக்கிலேருந்து, எந்த நாள், யார் கையால எடுத்ததுன்னு நீ சொல்லு, அதையும் சேத்துத்தான் எழுதணும்."

அக்கா சொன்னது

மணியம் டின்னை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். ஸ்டோரில் சேர்க்கலாம் என்றால் சின்னையா ஒத்துக்கொள்ளவில்லை. கோர்ட்டே போலி என்ற பொருளை எந்தக் கணக்கில் வைப்பது, ஏற்கெனவே ஒரு போலி இருக்கிறது, அதையே எலி விடமாட்டேன் என்கிறது என்றார். அந்த மூங்கில் வேர் அப்போதும் பூட்டிய அலமாரிக்குள் பத்திரமாக இருந்தது. துவான் ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

பதினோராங்கட்டையில் பலகை இன்னும் நின்றது. அம்புக்குறி மட்டும் மழையில் கொஞ்சம் வெளுத்திருந்தது. முனிக்கு முன்னால் புல் மண்டியிருந்தது. அந்த மூட்டை உப்பு கரைந்த இடத்தில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. ராசம்மா அக்கா வேலைக் காட்டிலிருந்து மருந்து வாடையோடு வந்தார். டின்னைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முந்தானையால் துடைத்தார். துவான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளி நின்றார், அக்காவை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. பொறுப்பு நீங்கள்தான் என்று அன்று அக்கா சொன்னது அவர் காதை விட்டுப் போகவே இல்லை என்று எனக்குத் தெரியும். கோர்ட்டில் நடந்ததை அதுவரைக்கும் அக்காவுக்கு யாரும் முழுசாகச் சொன்னதில்லை. நான் சொன்னேன். இது போலி என்று தீர்ப்பாகிவிட்டது அக்கா, அதனால்தான் அவனை விட்டுவிட்டார்கள் என்றேன். அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. கையிலிருந்ததை மார்போடு வைத்துக்கொண்டு, துவானைப் பார்த்துத்தான் கேட்டார். அதை மட்டும் நான் மலாயில் மாற்றிச் சொல்லவில்லை. மாற்றாமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப அது செத்ததும் போலின்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க துவான். நாளைக்குக் காலையில அது வரட்டும், நான் உப்போட நிக்கிறேன்."

இத்தனை வருஷம் அந்த ஜீப்பை ஓட்டி நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான் அன்பர்களே: எங்கள் ஊரில் மூங்கில் வேர் எல்லார் காய்ச்சலையும் இறக்கியது, ஒரே ஒரு அசல் கொம்பு வந்தது, அதை அசல் என்று ஊரில் நம்பியவர் மருந்தடிக்கிற ராசம்மா அக்கா ஒருவர்தான், அவருக்கோ அது தேவையே இல்லை.